நடுத் தட்டு

தனப்பிரியா போட்டிருந்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பெரிதாக்கி, அவள் கழுத்தில் கிடந்தது புது மாங்காய் மாலையா, இல்லை பழையதை அழித்துச் செய்ததா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் என் வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார். தனப்பிரியா என்னோடு ராசிபுரத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற கணக்கு டீச்சர். சொந்த ஊர் புதுச்சத்திரம். அவளுடைய அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்ததற்கு வீட்டில் பூஜை போட்டிருந்தார்கள். "ஹெலன், போனைக் குடு" என்றார் இவர். குரலே சரியில்லை. கொடுத்தேன். அவர் தனப்பிரியாவையும் பார்க்கவில்லை, மாலையையும் பார்க்கவில்லை. படத்தின் ஓரத்தில், சாமி படங்களுக்குக் கீழே, கற்பூரக் கரண்டிக்கும் மணிக்கும் நடுவில் இருந்த ஒரு தட்டை இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தார். விரிக்க விரிக்க அது மங்கிக்கொண்டே போனது. "இதேதான்" என்றார். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

எது என்று நான் கேட்கவில்லை. இவரைக் கட்டிக்கொண்டு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இவர் தேடுவது ஒரே ஒரு தட்டு என்பது எனக்குத் தெரியாதா?

என் வீட்டுக்காரர் ஜெபஸ்டினுக்குப் பித்தளைப் பைத்தியம். நான் ஏசுவதற்காகச் சொல்லவில்லை, பார்க்கிற எல்லோரும் சொல்வதுதான். மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலையில் இருந்தார். மீட்டரைப் பார்க்கப் போகிற மனுஷனுக்குக் கண் முழுக்க உள்ளே இருக்கிற ஷோகேஸில்தான் இருக்கும். குடம், அண்டா, குத்துவிளக்கு இதெல்லாம் கண்ணுக்கே தெரியாது. ஐம்பது, அறுபதுகளில் பங்களாக்களுக்கும் ஆபீசர் வீடுகளுக்கும் என்று செய்த சாமான்கள்தான் வேண்டும். ஒற்றைக் கம்பியை வளைத்த மாதிரி நிற்கிற மெழுகுவர்த்தித் தண்டு, கதிர் விரிந்த சூரியன் போன்ற சுவர்க் கடிகாரம், புத்தகம் சாயாமல் முட்டுக்கொடுக்கிற குதிரைத் தலை, கழுத்து நீண்ட கொக்கு ஜோடி. எங்கள் வீட்டில் சிகரெட் பிடிக்கிறவர் ஒருத்தர் கிடையாது, ஆஷ்ட்ரே மட்டும் ஒரு அலமாரி நிறைய இருக்கிறது. "மிட் செஞ்சுரி" என்பார். எந்த செஞ்சுரியாக இருந்தால் என்ன, தூசி தட்டுவது நான்தானே.

தட்டத்தான் விடுவார், தேய்க்க விடமாட்டார். புதிதாக வந்த வேலைக்காரம்மா ஒரு கொக்கைப் புளி போட்டு விளக்கிவிட்டாள் என்று இரண்டு நாள் சோறு தின்னாமல் இருந்த ஆள் இவர். பித்தளை மேல் படிகிற அந்தக் கருப்புதான் அதன் வயசு, அதற்குத்தான் மதிப்பு என்று புனேயிலும் கொச்சியிலும் இருக்கிற இவருடைய வாட்ஸ்அப் கூட்டாளிகள் சொல்வார்கள். பாட்டினா என்று அதற்கு ஒரு பேர். எங்கள் வீட்டில் அதைக் களிம்பு என்போம்.

சாமானைக் கண்டுவிட்டால் கையோடு காசை நீட்டமாட்டார். அடுத்த முறை போகும்போது மஞ்சப்பையில் புதுப் பாத்திரம் ஒன்று இருக்கும். "பழச வெச்சு என்னங்க பண்ணப்போறீங்க, புதுசு எடுத்துக்கோங்க" என்பார். எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் பாத்திரத்தை விற்கக் கூசும், மாற்றிக்கொள்ளக் கூசாது. அந்தச் சூட்சுமம் இவருக்குத் தெரியும்.

இந்தப் பைத்தியம் எங்கே ஆரம்பித்தது என்றால் என் மாமனாரிடம்தான் போக வேண்டும். அவர் பேர் ராயப்பன். இப்போது தொண்ணூறை எட்டிவிட்டார். கால் விழுந்துவிட்டது, முன்னறைக் கட்டிலோடு சரி, ஆனால் புத்தி கொஞ்சமும் மழுங்கவில்லை. வாலிப வயசில் சேலத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் பட்லராக இருந்தார். ஊரில் மற்ற துரைகள் எல்லாம் கப்பல் ஏறிப் போய் வருஷக்கணக்கான பிறகும் கம்பெனிக்காகத் தங்கிவிட்ட துரை அவர். பங்களா சாமான்களைத் துடைப்பது, விளக்குவது, அது அது இருந்த இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது மாமாவின் பொறுப்பு. அதில் ஒரு செட், இலை வடிவத்தில் மூன்று பித்தளை ஆஷ்ட்ரே. பெரிது, நடுத்தரம், சின்னது. ஒன்றுக்குள் ஒன்று உட்காரும். பெரியதின் ஓரத்தில் சிகரெட் சாய்த்து வைக்க மூன்று பள்ளம், நடுவில் உள்ளதுக்கு இரண்டு, சின்னதுக்கு ஒன்று. அடியிலும் அதே கணக்கில் புள்ளி குத்தியிருக்கும்.

ஒரு நாள் நடுத் தட்டைக் காணோம். பொறுப்பு யாருடையதோ பழியும் அவருக்குத்தானே? துரை போலீஸுக்குப் போகவில்லை. வேலையை விட்டு மட்டும் அனுப்பிவிட்டார். போலீஸ் வந்து அடித்திருந்தால்கூட ஒரு வாரத்தில் மறந்திருப்பார்கள் என்று என் மாமியார் சாலம்மாள் இருந்தவரை சொல்வார். எங்கள் பங்குக் கோவிலுக்கு வருகிறவர்களில் அப்போது இரண்டு ராயப்பன். கோவில் மணி அடிக்கிறவர் மணி ராயப்பன். அன்றிலிருந்து மாமா தட்டு ராயப்பன். என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் சித்தப்பா கேட்ட முதல் கேள்வி, "யாரு, தட்டு ராயப்பன் மவனா?" என்பதுதான். பேர் வைத்தவர்களுக்கு அது வெறும் பேர். கூப்பிட்டுக் கூப்பிட்டு அதன் அர்த்தமே அவர்களுக்கு மறந்து போயிருக்கும்.

மாமாவுக்கு மறக்கவில்லை. அதற்குப் பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் கடைசி வரை சமையல் வேலைதான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறமாட்டார். ஆனால் காணிக்கைத் தட்டு வரிசையில் கைமாறி வரும்போது, தன் காசைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். தட்டை வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்கமாட்டார். பக்கத்து ஆள் எட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். கல்யாணமான புதிதில் எனக்கு இது விளங்கவில்லை, ஏதோ திமிர் என்று நினைத்தேன். விளங்கிய பிறகு, தட்டு அவர் வரிசைக்கு வரும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

என் மாமியார் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்காரர் சின்னப் பையனாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் யாரோ எதையோ சொல்லிவிட, வீட்டுக்கு ஓடி வந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லையில் முருங்கை மரத்தடியைத் தோண்டினாராம். முழங்கால் ஆழத்துக்குக் குழி. எதற்கு என்று கேட்டதற்கு மண்புழு என்றாராம். மீன் பிடிக்கிற பழக்கமே கிடையாது இவருக்கு. மாமியார் இதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பார், நானும் சிரித்திருக்கிறேன்.

துரை ஒரு வழியாகச் சீமைக்குப் போன பின்னால் பங்களாச் சாமான்கள் சிதறின. இவர் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச காலத்தில் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய இரும்புக் கடையில் பெரிய தட்டு கிடைத்தது. பத்து வருஷம் கழித்து ஏற்காட்டில் சின்னது கிடைத்தது. இரண்டையும் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டினார். மாமா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அதுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். கையில் வாங்கவில்லை. அதிலிருந்து இவர் அலைகிற அலைச்சல் நடுத் தட்டுக்காகத்தான். கொக்கும் குதிரைத் தலையும் வழியில் ஏறிக்கொண்டவை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஸ்கூட்டரில் கிளம்பினோம். தனப்பிரியாவின் அண்ணனைப் பார்க்கப் போவதாகப் பேர். ஒரு கிலோ ஆப்பிள், ஒரு ஹார்லிக்ஸ். மஞ்சப்பையில் கனமான புதுப் பித்தளைத் தட்டு ஒன்று, சாமி ரூமுக்கு வைக்கிற மாதிரி பார்த்து வாங்கியது. நெடுஞ்சாலையில் ரியர்வியூ கண்ணாடியில் பார்த்தேன், உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஜெபமா, கேட்க வேண்டியதை ஒத்திகை பார்க்கிறாரா என்று தெரியவில்லை.

தோட்டத்துக்கு நடுவில் மாடி வீடு. ஒரு பக்கம் கோழிப் பண்ணை, ஒரு பக்கம் குச்சிக்கிழங்குக் காடு. வாசலில் போர்வெல் போடுகிற ரிக் லாரி ஒன்று ஓடாமல் நின்றிருந்தது, டயரில் புல் முளைத்திருந்தது. தனப்பிரியா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய அப்பா மயில்சாமி சட்டையை மாட்டிக்கொண்டே வந்தார். அம்மா சௌந்திரம் வாசலிலேயே, "வாங்க டீச்சர், வாங்க சாமி, வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல மோரு குடிங்க" என்று சொம்பை நீட்டினார். அண்ணன் தர்ஷன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். நல்ல உயரமான பையன். சத்தீஸ்கரில் போர்வெல் போடும்போது பைப் சரிந்து இடுப்பில் விழுந்ததாம். பிழைக்கமாட்டான் என்று சொல்லி, அப்புறம் நடக்கமாட்டான் என்று சொல்லி, இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வருகிறானாம். நெற்றி நிறைய திருநீறு.

இவர் ஐந்து நிமிஷம் தர்ஷனிடம் பேசினார். அதற்கு மேல் முடியவில்லை. "அம்மா, ஸ்டேட்டஸ்ல ஒரு தட்டு பாத்தேன். இலை மாதிரி. நான் இந்த மாதிரி பழைய பித்தளை சாமான் சேக்கறவன். தப்பா நெனக்காதீங்க, ஒரு தடவ பாக்கலாமுங்களா?" என்றார்.

"அட, அதுக்கென்னங்க" என்று சௌந்திரம் உள்ளே போனார். திருநீற்றை ஒரு வாழை இலைத் துண்டில் கொட்டிவிட்டு, முந்தானையால் தட்டைத் துடைத்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

இவர் வாங்கினார். ஓரத்தில் இரண்டு பள்ளம். திருப்பினார். அடியில் இரண்டு புள்ளி. திருப்பிய வேகத்தில் தட்டு மோர்ச் சொம்பில் பட்டு ஒரு சத்தம் வந்தது. ஆனால் எங்கள் வீட்டில் இருக்கிறதுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருந்தது. எங்களுடையது கருத்துக் கிடக்கும், இலை நரம்பெல்லாம் கொத்துக் கொத்தாகத் தெரியும். இது பொன்னாகப் பளபளத்தது, நரம்பு ஒன்றுகூட இல்லை. வாராவாரம் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆகியிருந்தது. இவருடைய வாட்ஸ்அப் கூட்டாளிகள் இதைக் கால் காசுக்கு மதிக்கமாட்டார்கள்.

"நெம்ப நாளா இருக்குதுங்களா?" என்று நான்தான் கேட்டேன்.

"நான் கண்ணாலமாயி வர்றதுக்கு முன்னாடியிருந்தே இருக்குதுங்க" என்றார் சௌந்திரம். "என்ற மாமனாரு கொண்டாந்தது. சேலத்துல ஒரு பங்களாவுக்கு நெய் ஊத்திக்கிட்டிருந்தாரு. தொர ஊருக்குப் போறப்ப, ஞாவகத்துக்கு வெச்சுக்கோன்னு குடுத்தாராமா."

சுவரில் அந்த மாமனார் படமாக இருந்தார். முண்டாசு, பெரிய மீசை, சந்தன மாலை. நல்ல களையான முகம்.

"எனக்கு நல்லா ஞாவகம் இருக்குதுங்க" என்றார் மயில்சாமி, சிரித்துக்கொண்டே. "நான் அப்ப பள்ளிக்கோடம் போயிட்டிருந்த பையன். அப்பா பஸ்ஸ விட்டு எறங்கி வந்து, மடியிலிருந்து இத எடுத்து அம்மா கையில குடுத்தாரு. உள்ள கொண்டு போயி வையின்னாரு. அம்மாதான் என்ன பண்றதுன்னு தெரியாம சாமிகிட்ட வெச்சுட்டாங்க. அதுக்கப்பறம் அப்பா பங்களாப் பக்கமே போகலீங்க. தொரதான் போயிட்டாருல்ல."

துரை போகவில்லை. மாமாவை அனுப்பிவிட்டு அதற்கப்புறமும் வருஷக்கணக்காக அதே பங்களாவில் இருந்தார். துரை கையால் கொடுத்த சாமானை ஒரு மனுஷன் ஊர் முழுக்கக் காட்டிக்கொண்டு வருவானா, மடியில் கட்டிக்கொண்டு வருவானா? இவரைப் பார்த்தேன். இவர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சௌந்திரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மகன் காலை நீவிவிட்டுக்கொண்டே பேசினார். "இவன் அக்கட்ட அடிபட்டுக் கெடந்தப்ப நான் இங்க தெனமும் விடியால இதுல இருந்துதானுங்க திருநூறு எடுத்து, இவன் பேரச் சொல்லி வாசக்கதவு நெலவுல பூசுவேன். வேற எனக்கு என்ன தெரியும் சொல்லுங்க? எம்பட பையன இதுதான் கொண்டாந்து குடுத்துச்சு." நீவுவதை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஏனுங்க சாமி, நீங்க இதெல்லாம் தெரிஞ்சவங்க. எனக்கு நெம்ப நாளா ஒரு சந்தேகமுங்க. வெள்ளக்காரங்க ஊட்டுல ஏதுங்க திருநூறு? இது எதுக்குச் செஞ்ச தட்டுங்க? ஓரத்துல ரெண்டு பள்ளம் இருக்குது பாருங்க, நான் ஒண்ணுல குங்குமமும் ஒண்ணுல சந்தனமும் வெப்பேன். அவிக என்னத்த வெச்சாங்க?"

ஆஷ்ட்ரே. அந்த ஒரு வார்த்தை போதும். சுருட்டுச் சாம்பலும் சிகரெட் துண்டும் போட்ட தட்டு என்று தெரிந்தால் அந்த அம்மா அந்த நிமிஷமே அதை வீட்டுக்கு வெளியே வைத்துவிடுவார். மஞ்சப்பையில் புதுத் தட்டு தயாராக இருக்கிறது. நாங்கள் கேட்கக்கூட வேண்டாம், அவர்களே எடுத்துக்கொண்டு போகச் சொல்வார்கள். என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. "ஏங்க..." என்று வாயைத் திறந்துவிட்டேன். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் இவர் பார்வைக்கு நான் பயந்ததில்லை. அன்றைக்கும் பயம் இல்லை, ஆனால் வாய் மூடிக்கொண்டது.

"இலை மாதிரி செஞ்ச தட்டுங்கம்மா" என்றார் இவர். "பெரிய ஊடுகள்ல முன் ரூம்ல அழகுக்கு வெப்பாங்க. பள்ளமும் அழகுக்குத்தான்."

"பாத்தீங்களா, நாங்கூட எச்சிப் பண்டம் எதாச்சும் வெச்சதோன்னு பயந்துட்டிருந்தேன்" என்று அந்த அம்மா தட்டை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். இலைத் துண்டிலிருந்த திருநீற்றைத் திரும்பக் கொட்டினார். எங்கள் பக்கம் நீட்டப் போய், நீங்கள் வைத்துக்கொள்வீர்களோ மாட்டீர்களோ என்பது போலத் தயங்கினார்.

"வர்ற புதன்கிழமை எங்களுக்கும் விபூதிப் புதன்தானுங்க" என்று இவர் கையை நீட்டிக் கொஞ்சம் வாங்கிச் சட்டைப் பையில் மடித்துப் போட்டுக்கொண்டார். கிளம்பும்போது மஞ்சப்பையிலிருந்து அந்தப் புதுத் தட்டை எடுத்து, "தம்பி எந்திரிச்சு நடக்கறதுக்கு எங்க பங்குக்கு" என்று சௌந்திரம் கையில் வைத்தார். எக்ஸ்சேஞ்சுக்கு வாங்கிய தட்டும் போயிற்று.

பனமரத்துப்பட்டிப் பிரிவில் டீ குடிக்க நிறுத்தினார். அதுவரை நான் அடக்கிக்கொண்டு வந்தது எல்லாம் அங்கே வெடித்தது. டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார், பார்க்கட்டும்.

"என்ன மனுசன் நீங்க? மடியில கட்டிட்டு வந்தாருன்னு அவரு வாயாலயே சொல்றாரு. கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க!"

"என்ன பண்ணச் சொல்ற? அந்தப் படத்துல இருக்கற மாலையக் கழட்டச் சொல்றியா?"

"உங்க பெருந்தன்மைக்கு மாமாவா வெல குடுக்கணும்? சாகற வரைக்கும் தட்டு ராயப்பனாவே இருக்கணுமா அவரு?"

இவர் டீயைக் குடிக்கவில்லை. "அந்த மயில்சாமி ஒரே நிமிசத்துல கணக்குப் போட்டுருவாரு ஹெலன். மடி, பஸ்ஸு, அப்பறம் பங்களாவுக்குப் போகாதது, எல்லாத்தையும். போட்டுட்டு அப்பறம் தெனமும் அந்தப் படத்தப் பாக்கணும். அது எப்பிடி இருக்கும்னு உனக்குத் தெரியாது" என்றார்.

உங்களுக்கு மட்டும் தெரியுமா என்று கேட்க வந்தேன். அதற்குள் அவர் டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நேராக மாமா கட்டிலுக்குத்தான் போனேன். இவர் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். தலையணையை உயர்த்தி மாமாவைச் சாய்த்து உட்கார வைத்தேன். "மாமா, நடுத் தட்டு கெடச்சிருச்சு" என்றேன்.

முகம் மெதுவாக என் பக்கம் திரும்பியது. "எங்க?"

"புதுச்சத்திரத்துல. பங்களாவுக்கு நெய் ஊத்துனவரு ஊட்டுல."

"நெய்க்காரரா?" கண்ணை மூடி யோசித்தார். "மீசக்காரரு. நல்ல நெய். கலப்படம் பண்ணமாட்டாரு." அப்புறம் கேட்டார். "என்ன வெச்சிருக்காங்க அதுல?"

"திருநீறு மாமா. சாமி ரூம்ல."

போர்வைக்குள் அவர் வயிறு குலுங்கியது. சத்தமே வராமல் சிரித்தார். "தொர சுருட்டு அணைப்பாரும்மா அதுல. தொரசாணிக்கு அந்த நாத்தம் ஆகாது, நான் ராத்திரியே கழுவி வெக்கணும்." சிரிப்பு அடங்கிய பிறகு, "தேய்ச்சு வெச்சிருக்காங்களா?" என்றார்.

"பளபளன்னு வெச்சிருக்காங்க. புளி போட்டு."

"புளி போடக்கூடாது" என்றார் கவலையாக. "ரேகை போயிரும்."

"போயிருச்சு மாமா."

அவருக்கு அதுதான் வருத்தமாக இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. மடியில் கட்டி வந்ததையும், மயில்சாமி சொன்னதையும், இவர் வாயைத் திறக்காமல் வந்ததையும் மூச்சு விடாமல் சொன்னேன். "நீங்க எடுக்கலேன்னு இப்ப ஊருக்கே சொல்லலாம் மாமா. பங்குச் சாமியார்கிட்டச் சொல்லி, கோவில்லயே வெச்சுச் சொல்லலாம்" என்றேன்.

"யாருகிட்டம்மா சொல்லுவ?" என்றார் மாமா. "பேரு வெச்சவங்கெல்லாம் கல்லறையில இருக்காங்க."

வாசல்படியில் இவர் நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. மாமாவும் அவரைப் பார்த்துவிட்டார். என்னிடம்தான் சொல்வது போல ஆரம்பித்தார், ஆனால் சொன்னது அவரிடம்.

"இவனுக்குத்தான் தெரிய வேண்டியிருந்துச்சு. முருங்க மரத்தடியில தோண்டுனியே சாமி. சன்னலண்ட நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். மண்புழுன்ன." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். எடுத்தியாப்பான்னு கேட்டிருந்தா, இல்லேன்னு சொல்லியிருப்பேன். இத்தன வருசம் நீ கேப்ப கேப்பன்னு இருந்தேன்."

இவர் வந்து தரையில் உட்கார்ந்தார். ரிடையர் ஆன மனுஷன், பேரப்பிள்ளை எடுக்கிற வயசு. கட்டில் விளிம்பில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "அப்பா" என்றார். மாமா அவருடைய ஹெல்மெட்டின் மேல் கையை வைத்தார். தலை என்று நினைத்து வைத்தாரோ என்னவோ, எடுக்கவே இல்லை.

நான் அடுக்களைக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு அழுதேன். இத்தனை வருஷம் ஊர் வாயை மூடுவதற்காகத்தான் இந்த மனுஷன் அலைகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, நான் ஒரு மடச்சி. தினமும் அப்பா முகத்தைப் பார்த்து, இவர்தான் எடுத்தாரோ என்று நினைத்து வளர்ந்த பிள்ளைதான் டீக்கடையில் அப்படிச் சொன்னது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பால் பொங்கி அடுப்பு முழுக்க வழிந்தது, தீய்ந்த வாடை வந்த பிறகுதான் பார்த்தேன்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அப்பாவும் மகனும் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் இவர் முன்னறையிலேயே இருந்தார். சவரம் பண்ணிவிட்டார், நகம் வெட்டிவிட்டார், பேப்பர் படித்துக் காட்டினார். போன வருஷத்துக் குருத்தோலைச் சிலுவைகளைச் சுவரிலிருந்து கழற்றி, எரித்து விபூதி செய்வதற்குக் கோவிலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

புதன்கிழமை காலையில் பூசை முடிந்ததும் இன்பமேரி சிஸ்டர் வந்தார். நோயாளிகளுக்கு வீடு வீடாக விபூதி பூசிவிட்டுப் போவது அவருடைய வேலை. கையில் சின்ன எவர்சில்வர் டப்பா. "டப்பா வாய் குறுகலா இருக்கு டீச்சர், வெரல் உள்ள போகமாட்டேங்குது. கொட்டிக்க ஒரு சின்னத் தட்டு இருந்தாக் குடுங்களேன்" என்றார். நான் சாசர் எடுக்க அடுக்களைப் பக்கம் திரும்பினேன். அதற்குள் இவர் அலமாரியைத் திறந்துவிட்டார். யாரையும் எதையும் வெளியே எடுக்க விடாத அலமாரி. சின்னத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

"அட, இலை மாதிரி! எவ்ளோ அழகா இருக்கு" என்றார் சிஸ்டர். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பழைய தட்டு சிஸ்டர்" என்றார். சிஸ்டர் டப்பாவைக் கவிழ்த்தார், கருஞ்சாம்பல் கொஞ்சம் விழுந்தது. தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, டப்பாவை எங்கே வைப்பது என்று சிஸ்டர் சுற்றிலும் பார்த்தார். அப்போது கட்டிலிலிருந்து ஒரு கை நீண்டது.

"இங்க குடும்மா" என்றார் மாமா. "நான் புடிச்சுக்கறேன்."

சிஸ்டருக்கு அதில் ஒன்றும் தெரியாது. கொடுத்துவிட்டார். மாமா இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு துளி சாம்பல் போர்வையில் சிந்தியது, ஆனால் தட்டை நேராகப் பிடித்துக்கொண்டார். சிஸ்டர் குனிந்து, சாம்பலைத் தொட்டு, அவர் நெற்றியில் சிலுவை வரைந்து சொல்ல வேண்டியதைச் சொன்னார். அப்புறம் எனக்கு. அப்புறம் இவருக்கு. இவர் கட்டில் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். ஒவ்வொரு தடவையும் சிஸ்டரின் விரல் திரும்பி வந்து சாம்பலை எடுக்கும் வரை மாமா தட்டை நீட்டிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

சிஸ்டர் காபி வேண்டாம், இன்றைக்கு ஒருசந்தி, ஒரு வேளைதான் சாப்பாடு என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். நான் தட்டை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். மாமா கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் அதன் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சாம்பல் ஒட்டிய விரல். ஒரே இடத்தில், விடாமல், முன்னும் பின்னும். அலமாரிப் பித்தளையை யார் விளக்கினாலும் சண்டைக்கு வருகிற என் வீட்டுக்காரர் முழங்காலிட்ட இடத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை, அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கருப்பு விலகி அந்த இடத்தில் மட்டும், விரல் அகலத்துக்கு, மஞ்சளாக மின்னத் தொடங்கியிருந்தது.